பெயர் இருந்தால் ஆள் மலையில்

அன்று மலைப்பாதைத் தேநீர்க்கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கத்தில், இன்னும் பற்றவைக்காத கணப்புக்கு எதிரே, மலையேற்றக் கழகத் தலைவர் இனுய். அவருக்கு வலப்பக்கம் ஹிராகா வாத்தியார், முப்பது வருடம் பள்ளியில் எழுத்துக்கலை சொல்லிக் கொடுத்தவர். இடப்பக்கம் நான், கழகச் செயலாளர் கசுயா. என் முன்னால் கையெழுத்துப் புத்தகமும் சிவப்பு மையும் அளவுகோலும் இருந்தன. அடுப்படித் திரைக்குப் பக்கத்தில், முக்காலியில், கடைக்கார நிஷிவாகி அம்மா. கதவோரம், காற்று உள்ளே வரும் இடத்தில், ஃபுசாயே அம்மா. அவருக்கு யாரும் உட்கார மெத்தை போடவில்லை.

1983 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை. காலை 7.40.

அந்த ஐந்து பேரில் இன்று உயிரோடு இருப்பது இரண்டு பேர். நிஷிவாகி அம்மா ஒருவர். நான் ஒருவன். நான் கண்டதையும் கேட்டதையும் தவிர இதில் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் புத்தகத்தையே பார்க்கலாம். டிசம்பர் 4, டிசம்பர் 19 ஆகிய இரண்டு பக்கங்களையும் நான் கிழிக்கவில்லை.

கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் நம் புத்தகத்தின் சட்டத்தை ஒரு முறை எழுதிவிடுகிறேன். கோபே நகரத்தின் முதுகில் இருக்கும் இந்த மலையில், விடிவதற்கு முன் ஏறி, கடை வாசல் தூணில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து, புத்தகத்தில் மூன்று விஷயம் எழுத வேண்டும். நேரம், பெயர், இதுவரை ஏறிய எண்ணிக்கை. எழுதுவது சொந்தக் கையாக இருக்க வேண்டும். மேலே போய் உடற்பயிற்சி முடித்து இறங்கும்போது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட வேண்டும். வட்டம் இல்லாமல் பெயர் மட்டும் நின்றால் நிஷிவாகி அம்மா மணி அடிப்பார், நாம் தேடப் போவோம். ‘பெயர் இருந்தால் ஆள் மலையில்’ என்று நாம் சொல்வது அதனால்தான். ஒருவர் பெயரை இன்னொருவர் போட்டால் மலையில் இல்லாத ஆளைத் தேடி மழையில் அலைய நேரும். ஆகவே பொய்க் கையெழுத்து ஒன்று பிடிபட்டாலும் அவருடைய மொத்த எண்ணிக்கையும் பூஜ்யம். ஒன்று, பத்து என்று கழிப்பதில்லை.

பத்தாயிரம் தொட்டவர் நம் கழகத்தில் அதுவரை ஒருவரும் இல்லை. அன்று காலைக் கணக்குப்படி ஃபுசாயே அம்மா 9,987. தலைவர் இனுய் 9,941. இரண்டு பேரும் இருபத்தேழு வருடத்துக்கு மேலாக ஏறுகிறவர்கள்.

ஹிராகா வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஜூன் 3-லேர்ந்து ஜூலை 15 வரைக்கும், நாற்பத்து மூணு வரி. இது இவங்க கை இல்லை. இவங்க எழுத்து வலப்பக்கம் ஏறும். இது இடப்பக்கம் சாயுது. கோடு இழுக்கிற திசையே மாறியிருக்கு. யாரோ போட்டுக் கொடுத்திருக்காங்க."

"நான்தான் போட்டேன்," என்றார் ஃபுசாயே அம்மா. "இடது கையால. வலது மணிக்கட்டு உடைஞ்சிருந்துச்சு."

"உடைஞ்ச கையை வெச்சுக்கிட்டு நாற்பத்து மூணு நாள் மலை ஏறினீங்களாக்கும்," என்று தலைவர் சிரித்தார்.

"கையால யார் மலை ஏறுறா தலைவரே? நான் காலாலதான் ஏறினேன்."

அடுப்படிப் பக்கமிருந்து நிஷிவாகி அம்மா சிரித்தார். "இடது கையால எழுதினா சாயத்தான் செய்யும். பின்னே நிமிர்ந்து நின்னு வாத்தியாருக்கு வணக்கம் சொல்லுமா?"

"நீங்க தேநீரைக் கவனிங்கம்மா," என்றார் தலைவர். பிறகு கதவோரம் திரும்பி, "வைத்தியர் சீட்டு இருக்கா?" என்று கேட்டார்.

"எலும்பு கட்டினவர் ஆகஸ்டுல போய்ச் சேர்ந்துட்டார். ஆனா பார்த்தவர் ஒருத்தர் இருக்கார்." ஃபுசாயே அம்மா என்னைப் பார்த்தார். "கசுயா தம்பியைக் கேளுங்க."

நான் பார்த்திருந்தேன். ஜூன் 2, காலை 5.50, இறங்கும் வழியில் மூன்றாம் வளைவு. அங்கே பாறை உதிர்ந்து பாதையெல்லாம் மணலாகக் கிடக்கும், எல்லாருக்கும் தெரியும். ஓரத்து வடிகாலுக்குள் வலது கையை ஊன்றியபடி அவர் விழுந்து கிடந்தார். நான்தான் தூக்கினேன். என் துண்டைக் கிழித்து, மூங்கில் சிம்பு வைத்து, மணிக்கட்டைக் கட்டினேன். வலியில் முகம் வெளுத்திருந்தும் அவர் சொன்னது இதுதான். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தம்பி. மக காதுக்குப் போச்சுன்னா அவ ஊரு மாட்சுயேவுக்குக் கூட்டிட்டுப் போய் வீட்டுக்குள்ள உட்கார வெச்சிருவா. இன்னும் கொஞ்ச நாள்தான். பத்தாயிரம் முடிச்சிட்டு நானே போயிருவேன்." சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். நாற்பத்து மூன்று நாளும் அவர் இடது கையால் எழுதியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனும் நான்தான்.

அக்டோபர் 9-ஆம் தேதி அந்த வாக்குக்கு வேலையில்லை. அவரே என்னைச் சொல்லச் சொல்லிவிட்டார். நான் சொல்லியிருக்க வேண்டும்.

என் மகள் தமாகிக்கு டிசம்பர் 11-ஆம் தேதி கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை தலைவர் இனுயின் தம்பி மகன். நடுவில் நின்று பேசி முடித்தவர் தலைவர். மேசைக்கு அந்தப் பக்கம் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சிவப்பு மைப் புட்டியின் மூடியை மெல்லத் திருகித் திறந்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான்.

"எனக்கு ஞாபகம் இல்லை," என்றேன்.

அடுப்படியில் நிஷிவாகி அம்மா எதையோ கீழே வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

அளவுகோலை வைத்து 9,987 மேல் சிவப்புக் கோடு இழுத்தேன். பக்கத்தில் பூஜ்யம் போட்டேன். கோடு கொஞ்சமும் வளையவில்லை. எழுத்து வேலையில் எனக்கு எப்போதும் நல்ல பெயர்.

ஃபுசாயே அம்மா எழுந்தார். அழவில்லை. கைத்தடியை எடுத்தார். இரும்புப் பூண் வைத்த கருவாலி மரத் தடி அது. கதவைத் திறந்துகொண்டே பேசினார்.

"பேர் இருந்தா ஆள் மலையில. அதானே உங்க சட்டம்?"

"ஆமா," என்றார் தலைவர்.

"மாத்திடாதீங்க."

அதற்குப் பிறகு அவர் மலைக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து நான் அவர் வீட்டுப் பக்கம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று சொன்னால் பொய். கோபமாக இருக்கிறாரா என்று பார்க்கப் போனேன். பலகைக் கதவுகள் அடைத்திருந்தன. "பக்கவாதம் வந்துருச்சு. மக வந்து மாட்சுயேவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவரிடம் மகளின் விலாசத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். கடிதம் எழுதவில்லை.

டிசம்பர் 4, ஞாயிறு.

5.18-க்குக் கடையை அடைந்தேன். எப்போதும்போல் நான்தான் முதல் ஆள். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதிக்கொண்டிருந்தது. நிஷிவாகி அம்மா உள்ளே கணப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தகரப் பெட்டியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, அன்றைய பக்கத்தைப் பிரித்தேன்.

முதல் வரியில் எழுத்து இருந்தது.

‘இனுய் கின்சோ.’ நேரத்துக்கான கட்டம் காலி. எண்ணிக்கைக் கட்டத்தில் பூஜ்யம்.

"தலைவர் வந்துட்டாரா?" என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு காக்காகூட வரலை செயலாளரே. ஏன்?"

எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். மை பளபளத்தது. விரலை வைத்தேன்... ஒட்டியது.

தலைவர் வழக்கமாக 5.30-க்கு வீட்டை விட்டுக் கிளம்புவார். இன்னும் மூன்று நாளில் அவருக்குப் பத்தாயிரம். கடைத் தொலைபேசியில் அவர் வீட்டுக்குப் போட்டேன். மணி 5.24. அவர் மனைவி எடுத்தார்.

"இருக்காரே. இப்பத்தான் வாசல்ல உட்கார்ந்து ஷூ போட்டுக்கிட்டிருக்கார். கூப்பிடவா?"

காத்திருந்தேன். அவர் நடந்துபோவது கேட்டது. நின்றது. பிறகு திரும்பி வரும் சத்தம், வேகமாக.

"செயலாளரே... ஷூ இங்கேயே இருக்கு. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. அவரைக் காணோம்."

நிஷிவாகி அம்மா மணி அடித்தார். ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். 6.02-க்குக் கண்டுபிடித்தோம். மூன்றாம் வளைவு வடிகாலில் கிடந்தார். காலில் வெறும் காலுறை. அதன் அடியில் ஒரு மணல்கூட ஒட்டவில்லை. உடம்பு விறைத்து, முதல் நாளே வந்து கிடந்ததுபோல் சில்லென்று இருந்தது.

வலது மணிக்கட்டு உடைந்திருந்தது.

தடுக்கி விழுந்தார் என்று போலீஸார் எழுதிக்கொண்டு போனார்கள். மனைவி நேரத்தைத் தப்பாகச் சொல்கிறார் என்றார்கள். 5.24 என்பதை நானும் சொன்னேன். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

கல்யாணம் தள்ளிப்போனது.

சாவு வீட்டிலிருந்து திரும்பும்போது ஹிராகா வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ஜூன் மாசத்து எழுத்தேதான். ஒரு கோடு மாறலை."

"வேற யாரோ எழுதினதுன்னு சொன்னீங்களே வாத்தியாரே."

அவர் என் கையை விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இடது கை எழுத்துன்னு பார்த்ததுமே தெரிஞ்சது. முப்பது வருஷமா பிள்ளைங்க கையைப் பார்த்தவன் நான். எனக்கா தெரியாது?"

"அப்புறம் ஏன்?"

"நீங்க ஏன்?" என்றார்.

மறுநாளே ஹிமெஜியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மலைக்கும் அந்த ஊருக்கும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வெளியே வருவதே இல்லை என்று தங்கை தொலைபேசியில் சொன்னார்.

நான் தகரப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன். சாவி ஒன்றுதான். அதை என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பேனாவையும் பெட்டியில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துப்போனேன். தினமும் எல்லாருக்கும் முன்னால் போய்த் திறந்து பார்ப்பேன். பதினான்கு நாள் பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

டிசம்பர் 19, திங்கள்.

4.35-க்கு ஏற ஆரம்பித்தேன். காற்று இல்லை. முதல் வளைவில் காட்டுப்பன்றி மண்ணைக் கிளறிய தடம், புதிதாக இருந்தது. இரண்டாம் வளைவில் மூச்சு வாங்க நின்றேன்.

ணங்... சர்ர்...

எனக்குப் பின்னால் கேட்டது. இரும்புப் பூண் கல்லில் படுகிறது. பிறகு மணலில் இழுபடுகிறது.

நடந்தேன். அதுவும் நடந்தது. நின்றேன். அதுவும் நின்றது.

விளக்கைத் திருப்பினேன். பாதை. மரங்கள். வேறு ஒன்றும் இல்லை.

மூன்றாம் வளைவைப் பார்க்காமல் கடந்தேன். வடிகாலுக்குள் சத்தம் இறங்கியது... சற்று நேரம் இல்லை... பிறகு எனக்கு முன்னால் கேட்டது.

ணங்... சர்ர்...

அது எனக்கு முன்னால் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

கடை வாசலை அடைந்தபோது 5.09. கடை இருட்டு. வார நாட்களில் நிஷிவாகி அம்மா சற்றுத் தாமதமாகத்தான் வருவார், இன்னும் இருபது நிமிடம். பூட்டு அப்படியே இருந்தது. திறந்தேன். அன்றைய பக்கம் வெள்ளை. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்தேன். வெள்ளைப் பக்கத்தின் மேல் என் வலது உள்ளங்கையை அழுத்தி வைத்தேன். ஆள் வரும்வரை எடுப்பதில்லை என்று முடிவு. பேனா என் சட்டைப் பையில் இருந்தது. இடது கையால் அதையும் பிடித்துக்கொண்டேன்.

5.13. பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்ததுபோல் பெஞ்சுப் பலகை தாழ்ந்தது.

கற்பூர நெடி. சுளுக்குக்கு ஒட்டும் பட்டையின் நெடி.

நான் திரும்பவில்லை.

5.14.

உள்ளங்கைக்கு அடியில் குறுகுறுத்தது.

காகிதத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ எழுதுகிறார்கள்... நிப்பு இழுபடுவது தோலில் தெரிகிறது... ஒரு கோடு... நிறுத்தம்... இன்னொரு கோடு...

கையை எடுக்க முயன்றேன். வரவில்லை. மணிக்கட்டை யாரோ மேலிருந்து பிடித்திருந்தார்கள். மெதுவாகத்தான். துண்டு வைத்துக் கட்டுகிற அளவு மெதுவாக.

எழுதி முடித்ததும் பிடி விட்டது.

பெஞ்சு நிமிர்ந்தது.

கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கையில் ஈர மை. கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி ஒரு பெயர்.

ஹிராகா.

பக்கத்தில் பூஜ்யம்.

நிஷிவாகி அம்மா வந்து கடையைத் திறந்ததும் ஹிமெஜிக்குத் தொலைபேசி போட்டேன். 5.31. வாத்தியாரின் தங்கை தூக்கக் குரலில் எடுத்தார். "அண்ணன் கழிப்பறையில இருக்கார். விளக்கு எரியுது. என்ன விஷயம் இந்நேரத்துல?"

"கூப்பிடுங்க. சீக்கிரம்."

கதவைத் தட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தட்டினார். ஓர் ஆண் குரல், கணவராக இருக்கும், "தள்ளு" என்றது. கதவு உடையும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. தொலைபேசி தரையில் கிடக்க, அந்தப் பெண் யாரிடமோ சொல்வது கேட்டது. "உள்பக்கம் தாழ் போட்டிருக்கே... உள்பக்கம் தாழ் போட்டிருக்கே..."

"மணி அடிக்கட்டுமா?" என்றார் நிஷிவாகி அம்மா.

"வேண்டாம். எங்கேன்னு தெரியும்."

இருவரும் இறங்கினோம். மூன்றாம் வளைவு. காலுறை. மணிக்கட்டு.

இறங்கும்போது அவர் கேட்டார். "நீங்க பார்த்தீங்கதானே செயலாளரே? அன்னைக்கு, அந்த அம்மா கை உடைஞ்சதை."

விளக்கைப் பாதைமேல் அடித்தபடி நடந்தேன்.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. நான் டீ போடுறவ," என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வருடப் பிறப்பு முடிந்தது. ஜனவரி 6-ஆம் தேதி மாப்பிள்ளையின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணன் போனது போனதுதான். நாற்பத்தொன்பது நாள் துக்கம் 21-ஆம் தேதியோட முடியுது. பிள்ளைங்களை இனியும் காக்க வைக்க வேண்டாம்," என்றார். நாட்காட்டியைப் புரட்டினோம். மண்டபக்காரர்களிடம் கேட்டோம். அவர்களிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாள். பிப்ரவரி 11. அந்த நாளை வைத்தோம். தமாகி நாட்காட்டியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. ஃபுசாயே அம்மா மாட்சுயேவில் படுக்கையில் இருக்கிறார். உயிரோடு இருப்பவர் இங்கே எப்படி எழுதுவார்? ஜனவரி 8-ஆம் தேதி மகளுக்குக் கடிதம் எழுதினேன். அம்மா நலமா என்று மட்டும் கேட்டேன். அப்போதும் அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

பதில் நேற்று முன்தினம், பிப்ரவரி 8-ஆம் தேதி வந்தது. தடித்த பொட்டலம். மகள் சிஹாருவின் கடிதத்திலிருந்து தேவையான பகுதியை அப்படியே எழுதுகிறேன்.

‘அம்மா நவம்பர் 21-ஆம் தேதி காலமானார். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. ஆனால் இடது கை கடைசிவரை நன்றாக இருந்தது. தினமும் எழுதப் பழகினார். தாள் தீர்ந்தால் படுக்கையைத் தட்டுவார். எழுதியது எல்லாம் மூன்று பெயர்கள்தான். அம்மாவின் மலை நண்பர்களாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் பெயரும் அதில் இருக்கிறது. அவ்வளவு பிரியமாக எழுதியதை எரிக்க மனம் வரவில்லை. மற்ற இருவருக்கும் அவரவர் தாள்களைக் கொடுத்துவிட முடியுமா? ஓரத்தில் அம்மா தேதி போட்டிருக்கிறார். பாவம், நோயில் தேதி குழம்பிவிட்டது. பொறுத்துக்கொள்ளவும்.’

மூன்று கட்டு. ஒவ்வொன்றிலும் நூறு தாளுக்குக் குறையாது. முதல் தாள்களில் கோணலாக, நடுங்கி... போகப் போகத் திடமாக, இடப்பக்கம் சாய்ந்து.

இனுய் கின்சோ. எல்லாத் தாளிலும் ஒரே தேதி. டிசம்பர் 4.

ஹிராகா. டிசம்பர் 19.

என் தாள்கட்டை மேசைமேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பிரிக்கவில்லை.

பிரித்தேன்.

பிப்ரவரி 11.

ஜனவரி 6-ஆம் தேதிவரை எங்களுக்கே தெரியாத நாள். அதை அவர் நவம்பரிலேயே எழுதி முடித்துவிட்டார்.

நேற்று சாயங்காலம் தமாகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண உடுப்பு அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் நின்றபடியே கேட்டாள்.

"உன் கல்யாணத்துக்காகத்தான்மா அப்படிச் சொன்னேன்," என்றேன்.

"என் பேரை இழுக்காதீங்கப்பா. நானா கேட்டேன்?"

"உண்மையைக் கழகத்துக்கு எழுதினா எல்லாரும் படிப்பாங்க. உன் மாமனார் வீட்டுல..."

"தெரியும். அவரோட பெரியப்பா பேரு நாறும். கல்யாணம் நிக்கும்." அலமாரிக் கதவைச் சாத்தினாள். "ஒரு அம்மாவோட இருபத்தேழு வருஷத்து மேல சிவப்புக் கோடு போட்டுட்டு, அதுக்கு மேல பந்தி போட்டு நாங்க சாப்பிடணுமா? எழுதுங்க."

"எழுதினா மட்டும் விடுவாங்களா அந்த அம்மா?"

"விடலைன்னாலும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதுதான். சுருக்கமாக மறுபடியும் சொல்கிறேன். ஃபுசாயே அம்மாவின் வலது மணிக்கட்டு 1983 ஜூன் 2-ஆம் தேதி உடைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நாற்பத்து மூன்று வரியும் அவர் கை. ஞாபகம் இல்லை என்று நான் சொன்னது பொய். 9,987 அவருடையது. பொதுக்கூட்டத்தில் இதை உரக்க வாசித்துவிட்டுச் சிவப்புக் கோட்டை நீக்குங்கள். என் எண்ணிக்கை 6,212. அதைப் பூஜ்யமாக்குங்கள்.

இதுவரை நேற்று எழுதியது.

இன்று பிப்ரவரி 11, சனி. சற்று முன் தொலைபேசி அடித்தது. 5.08. நிஷிவாகி அம்மா.

"செயலாளரே. நீங்க வீட்டுலதானே இருக்கீங்க?"

"இருக்கேன்."

"பெட்டி திறந்து கிடக்கு. முதல் வரியில உங்க பேரு."

"எண்ணிக்கைக் கட்டத்துல?"

காகிதம் சரசரத்தது.

"ஒண்ணும் எழுதலை. காலியா இருக்கு. ஆனா பேனா பக்கத்துலயே திறந்து கிடக்கு... இருங்க, யாரோ வர்ற மாதிரி..."

"உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கோங்கம்மா."

தொடர்பு போய்விட்டது. பெட்டிச் சாவி என் கழுத்திலேயே இருந்தது.

அவர்கள் இருவரையும் அது ஷூ இல்லாமல் இழுத்துப் போனது. நான் ஷூ போட்டுக்கொண்டேன். விளக்கை எடுத்துவைத்தேன். வாசல் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். பெயர் இருந்தால் ஆள் மலையில் இருக்க வேண்டும். என் காலாலேயே ஏறிப் போகிறேன்.

தெருமுனையில், கல்லில்...

கேட்கிறது.

தமாகி பசையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். தபால் பெட்டி மலையடிவாரத்தில், படி தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அதுவரை கூட வருவேன் என்கிறாள். நான் போடாவிட்டால் அவள் போடுவாள்.

5.21. உறைக்குள் வைத்து ஒட்டப் போகிறேன். பின்பக்கத்தில் அனுப்புநர் பெயரை என் வலது கையால், வழக்கம்போல் நேராக எழுதுவேன். உங்கள் கைக்கு வரும்போது அந்த எழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தால், அது நான் போட்டது இல்லை.